பள்ளிக்கூடக் கதையில் சாதிப் பேரை எழுதணுமா, வேண்டாமா?

கிளுவைவேலி:

எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு சிறுகதை. பேர் 'கடைசிக் குழாய்'. ஒரு பாடவேளை 40 நிமிடம். வாசிப்பு 12 நிமிடத்தில் முடிந்தால்தான் பேச நேரம் இருக்கும் என்பதால் 1,400 சொல்லுக்குள் நிறுத்தியிருக்கிறேன்.

கதை இதுதான். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், கொறங்காடும் (மழையை நம்பிய மேய்ச்சல் நிலம்) கிளுவை வேலியுமாக ஒரு ஊர். அரசு உயர்நிலைப் பள்ளி. சிமெண்டுத் தொட்டிச் சுவரில் வரிசையாக ஐந்து குழாய். கழிப்பறைப் பக்கம் இருக்கும் ஐந்தாவதில் மட்டும்தான் வளவுப் பிள்ளைகள் குடிப்பார்கள். எந்த வாத்தியாரும் அப்படிச் சொன்னதில்லை, எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆறாவதுக்குப் புதிதாக வரும் பிள்ளை ஒரே வாரத்தில் தானாகத் தெரிந்துகொள்கிறது. ஒன்பதாவது படிக்கும் பூபதியும் மாரியும் சிநேகிதர்கள். பூபதி ஊருக்குள் இருப்பவன், மாரி வளவு. பங்குனி வெயிலில் ஒரு நாள் நாலு குழாயும் வறண்டுபோகிறது. ஐந்தாவதில் மட்டும் தண்ணீர் வருகிறது. பூபதி என்ன செய்கிறான் என்பதோடு கதை முடிகிறது.

முழுக்கதையிலும் சாதிப் பேர் கிடையாது. 'ஊர்', 'வளவு' என்ற இரண்டு சொல் மட்டும். இப்படியே விடலாமா, பேரைச் சொல்லிவிடலாமா?


நொய்யல்கரை:

சொல்லிவிட வேண்டும். 'வளவு' என்று எழுதினால் போதும் என்று நினைப்பது நம்ம நாலு மாவட்டத்துக்குள் மட்டும் செல்லும். அவிநாசியில், பெருந்துறையில், தாராபுரத்தில் அந்தச் சொல் அருந்ததியர் குடியிருப்பு என்று உடனே விளங்கும். செட்டிநாட்டில் வளவு என்றால் வீட்டு முற்றத்தைச் சுற்றிய பகுதி. அங்கே ஒரு பத்தாவது பிள்ளை இதை வாசித்தால், ஏதோ பெரிய வீட்டுப் பையன்கள் போலிருக்கிறது என்று நினைக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. பேர் இல்லாத கதையை நம்ம பிள்ளைகளே பணக்காரன் ஏழை கதையாக வாசித்துவிடும். "பாவம், மாரி வீட்டில் கஷ்டம்" என்று முடித்துக்கொள்ளும். மாரியின் அப்பா பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்து, பூபதியின் அப்பாவைவிட அதிகம் சம்பாதித்தாலும் அந்தக் குழாய் மாறாது. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதைப் பேர் சொல்லாமல் எப்படிக் காட்டுவீர்கள்?

2000இல் வந்த பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலுக்குத் தலைப்பிலேயே 'மாதாரி' என்ற சாதிப் பேர் இருக்கிறது. ஆடு மேய்க்கும் பையன்கள் ஒன்றாக விளையாடுகிறார்கள், கிணற்றில் நீந்துகிறார்கள். ஆனால் ஒருவன் பண்ணையத்து ஆள்காரப் பையன், இன்னொருவன் பண்ணாடி, அதாவது நிலத்துக்கார முதலாளி வீட்டுப் பையன். தலைப்பில் அந்தச் சொல் இல்லாவிட்டால் அது வெறும் பால்யகாலக் கதை.


தறிச்சத்தம்:

நொய்யல்கரை அண்ணா சொல்வது வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற வாசகருக்குப் பொருந்தும். இது வகுப்பில் சத்தமாக வாசிக்கப் போகிற கதை. இந்த வேறுபாட்டைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது.

35 பேர் இருக்கும் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வளவுப் பிள்ளைகள் நாலு பேர். வாசிக்கிறவர் வாயிலிருந்து சாதிப் பேர் வந்த அந்த நொடியில் 31 தலை திரும்பும். அதற்குப் பிறகு மீதி 10 நிமிடமும் அந்த நாலு பிள்ளைகளும் கதை கேட்க மாட்டார்கள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதிலேயே அவர்கள் நேரம் போய்விடும். கதை யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்களுக்கே அது தண்டனை ஆகிறது. மறுநாள் ஆட்டத்தில் சண்டை வந்தால் கதையில் வந்த சொல்தான் வசவாக வரும்.

பேர் இல்லாமலும் முடியும். 2013இல் வந்த பெருமாள்முருகனின் 'பூக்குழி'யில் சாதிப் பேரே கிடையாது. வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவனை ஊர் என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் கதை. வாசித்த யாருக்கும் புரியாமல் போகவில்லை. அதே ஆசிரியரின் 'மாதொருபாகன்' 2010இல் வந்து, எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு அவரிடம் மன்னிப்பு எழுதி வாங்கும் நிலைக்குப் போனது. பள்ளிக்கூடத்துக்குள் போக வேண்டிய கதை, வாசலிலேயே நிறுத்தப்பட்டால் யாருக்கு என்ன லாபம்?


நொய்யல்கரை:

'மாதொருபாகன்' வழக்கு 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. நாவலுக்கு எதிரான மனுக்கள் தள்ளுபடி ஆகின. எழுத்தாளர் எழுதட்டும் என்றுதான் தீர்ப்பு.

31 தலை திரும்பும் என்கிறீர்கள். சரி. ஏன் திரும்புகிறது? அந்த நாலு பேர் யார் என்று 31 பேருக்கும் முன்னமே தெரியும் என்பதால்தானே. கதை புதிதாக எதையும் வெளியே கொண்டுவரவில்லை. ஒன்பதாவது, பத்தாவதில் ஆதிதிராவிடர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் வரும்போது நடப்பதைப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் நகல். யார் கொடுக்கவில்லையோ அவர்கள் பேரை வகுப்பாசிரியர் சத்தமாக வாசிப்பார். "எஸ்.சி. பசங்க எந்திரிங்க" என்று எண்ணுகிற வழக்கமும் உண்டு. கெட்ட எண்ணமே இல்லாமல், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்வது. தலைகள் அன்றைக்கே திரும்பிவிட்டன.

நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைத்த குழு. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரை. பதிவேட்டிலும் பெஞ்சிலும் சாதி உட்கார்ந்திருக்கிறது என்று நீதிபதியே எழுதிய பிறகு கதை மட்டும் எதற்குத் தயங்க வேண்டும்?


கொறங்காடு:

சாதிப் பேச்சுக்கு நடுவில் குழாய்ப் பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்க. நாலு குழாய் வறண்டு ஒன்றில் மட்டும் தண்ணீர் வருமா என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும். வரும். ஆனால் காரணம் கதையில் இருக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் கீழ்மட்டத்துக்கு வந்ததும், எந்தக் குழாய் எல்லாவற்றையும்விடத் தாழ்வாக இருக்கிறதோ அதில்தான் கடைசிச் சொட்டு வரைக்கும் வரும். கழிப்பறைப் பக்கம் வடிகாலுக்காகத் தரை சரிவாக இருக்கும். தரையைப் பார்த்தே குழாய் வைத்திருந்தால் ஐந்தாவது ஒரு சாண் தாழ்ந்திருக்கும். முதல் பத்தியிலேயே "ஐந்தாவதுக்குக் கொஞ்சம் குனிய வேண்டும்" என்று ஒரு வரி போட்டுவிடுங்க. பின்னால் தண்ணீர் அதில் மட்டும் வரும்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.


கிளுவைவேலி:

கொறங்காடு அண்ணா, அந்த வரி சேர்ந்தாச்சு. குனிந்து குடிப்பது கதைக்கே வேறு கனம் கொடுக்கிறது.


பவானிக்கூடல்:

பேர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அமெரிக்காவில் நிறப் பாகுபாட்டைப் பற்றி வந்த பள்ளிக் கதைகளோடு நம்மதை ஒப்பிடுவது வழக்கம். அங்கே எழுத்தாளருக்கு ஒரு வசதி இருக்கிறது. 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் போனபோது, வாசலில் நின்ற கூட்டத்துக்கு யார் யார் என்று விசாரிக்கத் தேவையே இல்லை. ஆளுநர் காவல்படையை வைத்து மறித்தார், குடியரசுத் தலைவர் ராணுவத்தை அனுப்பி உள்ளே விட்டார். எல்லாம் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற தோலின் மேல் நடந்தது. பள்ளிகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இலேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் என்ற மாவட்டம், சேர்த்து உட்கார வைப்பதைவிட மூடிவிடுவதே மேல் என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே பூட்டி வைத்தது. அந்த வெறுப்புக்கு முகவரி கேட்க வேண்டிய வேலை இல்லை.

நம்ம வகுப்பில் பூபதியையும் மாரியையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் வெளியூர்க்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால் நம்ம கதையில் கண் செய்கிற வேலையைக் காது செய்கிறது. "எந்த ஊரு?" முதல் கேள்வி. "ஊருக்குள்ளயா, எந்தப் பக்கம்?" இரண்டாவது. பிறகு "உங்க கோயில் எது?", "என்ன கூட்டம்?" (கூட்டம் என்றால் குலம்). மூன்றாவது கேள்விக்குள் விஷயம் முடிந்துவிடும். கேட்கிறவன் முகம் மாறாது, பேச்சு மட்டும் ஒரு படி இறங்கும். அந்த ஒரு படிதான் எழுத வேண்டியது.

கொங்கில் இதற்கு இன்னும் நுணுக்கம் உண்டு. இங்கே அருந்ததியர் வீடுகள் பலவற்றில் வீட்டு மொழி தெலுங்கு. தாகத்தில் ஒரு பையன் வாய் தவறி "நீள்ளு" என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் கோயம்புத்தூர்ப் பக்கம் நாயுடு வீட்டுப் பையனும் அதே "நீள்ளு"தான் சொல்வான். அவனுக்கு அதில் ஒரு இறக்கமும் இல்லை. ஒரே சொல், ஒருவனைக் காட்டிக்கொடுக்கிறது, இன்னொருவனுக்குப் பெருமையாக இருக்கிறது. இப்படி ஒரு இடம் கதைக்குக் கிடைத்தால் சாதிப் பேரை எங்கே வைப்பது என்று கவலைப்பட வேண்டியதே இல்லை.

இன்னொன்று, வயசும் மரியாதையும். மாரியின் தாத்தா 70 வயசுக்காரர் பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறார். பேர் ராமசாமி. ஊருக்குள் அவர் 'ராமா'தான். பூபதிக்கு வயசு 14. அவன் சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டுப் பழகியபடி, "ராமா, மாரி உள்ளதான் இருக்கறான், இரு வரச் சொல்றேன்" என்று சாதாரணமாக, பிரியமாகவே சொல்கிறான். தாத்தா "சரிங்க சின்னப் பண்ணாடி" என்கிறார். மாரி ஜன்னல் ஓரத்தில் நின்று இரண்டையும் கேட்கிறான். இந்த மூன்று வரியில் குழாயைவிட அதிகம் இருக்கிறது.

கயிறு மட்டும் வேண்டாம். கையில் கலர்க் கயிறு கட்டிக்கொண்டு அடையாளம் காட்டுவது முக்கியமாகத் தென்மாவட்டத்துப் பள்ளிகளில் பேசப்பட்ட பிரச்சனை. செய்தியில் பார்த்ததைத் தூக்கி நம்ம ஊர்க் கதையில் வைத்தால் உள்ளூர்ப் பிள்ளை முதல் பக்கத்திலேயே நம்பிக்கையை இழந்துவிடும். இங்கே அடையாளம் பேச்சில் இருக்கிறது.


மஞ்சள்மண்டி:

எல்லாரும் ஒரே பக்கமாப் பேசறீங்க, கொஞ்சம் மாத்துக் கருத்தும் கேளுங்க. இப்பப் பசங்க ஒண்ணா ஒக்காந்து சத்துணவு சாப்பிடறாங்க, ஒரே பஸ்ஸுல போறாங்க, ஒரே டீம்ல கபடி ஆடறாங்க. மறந்துட்டிருக்கறதைக் கதை எழுதி ஞாபகப்படுத்தற மாதிரி இருக்குங்க. இந்தக் குழாய்க் கதையைப் படிச்சுட்டு, அதுவரைக்கும் எந்தக் குழாயிலயும் வாய் வெச்ச பையன், நாளைக்கு எண்ணிப் பாக்க ஆரம்பிப்பான்.

ரெண்டாவது, இந்தக் கதைகள்ல கவுண்டர் வீடுன்னாலே மீசையை முறுக்கிட்டு, சாட்டையோட நிக்கற ஆளாக் காட்டறாங்க. கொறங்காட்டுல மழையை நம்பி நாலு எருமையும் பத்து ஆடும் வெச்சுப் பொழைக்கற குடும்பம்தான் பாதி. அந்த வீட்டுப் பையன் இதைப் படிச்சா, "இது எங்க வீடு இல்லை"ன்னு புஸ்தகத்தை மூடிருவான். அவனுக்கு உள்ள ஒண்ணும் போகாது. சாதிப் பேரும் போட்டுட்டீங்கன்னா அவங்கப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்து நிப்பாரு.


நொய்யல்கரை:

மஞ்சள்மண்டி அண்ணா, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்கிறீர்கள். யார் சமைத்ததை? 2018 ஜூலையில் அவிநாசி பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் போய் நின்றார்கள். மாற்றல் உத்தரவு வரை போய், எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் நிலைமை மாறியது, வழக்கும் பதிவானது. அது தாத்தா காலத்துச் சங்கதி இல்லீங்க. அன்றைக்கு அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இப்போது கல்லூரியில் இருப்பார்கள். அவர்கள் ஒன்றையும் மறக்கவில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன இரண்டாவதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். சாட்டையோடு நிற்கிற ஆளை வைத்து எழுதுவது எழுதுகிறவருக்குச் சுலபம், படிக்கிறவருக்கும் சுலபம். பாகுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது அவன் மேல் உயிரையே வைத்திருக்கிற ஆத்தாதான். தலையைக் கோதிக்கொண்டே, "கண்ணு, அவங்க ஊட்டுல தண்ணி வாங்கிக் குடிக்காத சாமி, ஒடம்புக்கு ஆகாது" என்பாள். சாதி என்ற சொல்லே அந்த வாயில் வராது. பூபதி அதைச் சாதியாகக் கேட்கவில்லை, பாசமாகக் கேட்டான். பின்னால் அதை விட வேண்டும் என்று வரும்போது, ஆத்தாவை விடுகிற மாதிரி அவனுக்கு வலிக்க வேண்டும். அந்த வலி கதையில் இருந்தால், கொறங்காட்டு வீட்டுப் பையன் புத்தகத்தை மூட மாட்டான்.


மஞ்சள்மண்டி:

ஆத்தா சொல்றது உண்மைங்க. அதை நான் மறுக்கலை. பேர் போடறதுலதான் எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. இப்பத் திருப்பூர்ல ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் வந்து ஒக்காந்திருக்கு. அதுகளை 'வடக்கன்'னு கூப்படறதுக்கு எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேந்துக்குது. அதையும் எழுதுங்க. அதுல எங்க பேரு உங்க பேருன்னு வராதே.


பவானிக்கூடல்:

அது தனிக் கதையாக வர வேண்டியது. அவசியம் வர வேண்டியது. இந்தக் கதைக்குள் திணித்தால் இரண்டும் கெடும். 1,400 சொல்லில் நாலு ஆளுக்கு மேல் நிற்க இடமில்லை.


தறிச்சத்தம்:

பவானிக்கூடல் எழுதிய தாத்தாக் காட்சி இருந்தால் எனக்குச் சாதிப் பேர் தேவையே படவில்லை. 'பண்ணாடி' என்ற ஒரு சொல் கொங்கு வாசகருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். வெளியூர் வாசகர் புரியாவிட்டால் விசாரிக்கட்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். நொய்யல்கரை அண்ணா கேட்கிறபடி பேர் போடுவதென்றால் எந்தப் பேரைப் போடுவீர்கள்? அரசின் பட்டியலில் அருந்ததியர் என்ற தொகுப்பில் ஏழு பேர் இருக்கிறது. 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது சட்டத்திலேயே வரிசையாக எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்றிரண்டு ஊருக்குள் வசவாகவே புழங்குகிறது. கதாபாத்திரம் உண்மையாகப் பேச வேண்டும் என்றால் வசவுச் சொல்தான் வரும். அதை வாசிக்கிற ஆசிரியர் 35 பிள்ளைகள் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எஸ்) பிரிவு, பொதுப் பார்வையில் சாதிப் பேர் சொல்லித் திட்டுவதைக் குற்றம் என்கிறது. அது ஒருவரை நேராக அவமதிப்பதைப் பற்றியது, கதை வாசிப்பதைப் பற்றியது இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பயந்த ஆசிரியர் அந்தப் பக்கத்தையே தாண்டிப் போவார்.

பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வகுப்பில் வாசிக்கும் முறை ஒன்று வேண்டும். பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பத்தி வாசிக்கச் சொல்லவே கூடாது. வசவு வரும் பத்தி யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது, அது வளவுப் பிள்ளை கைக்குப் போனால் அந்த வருஷம் முழுக்க ஆறாது. ஆசிரியர் மட்டும் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் உடனே "யாருக்கு இப்படி நடந்திருக்கு?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் கை தூக்குகிற பிள்ளை தன் சாதியையும் சேர்த்துத் தூக்குகிறது. "பூபதி எந்த இடத்தில் முதலில் தயங்கினான்?" என்று கதைக்குள்ளேயே கேள்வி இருக்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம், மனசில் பட்டதைப் பேர் போடாமல் எழுதும் துண்டுச் சீட்டு. சீட்டை எல்லாரும் எழுத வேண்டும், ஒன்றும் சொல்ல இல்லாதவர்கள் கதையில் பிடித்த ஒரு வரியை எழுதலாம். அப்போதுதான் யார் எழுதுகிறார்கள் என்று பக்கத்துப் பெஞ்சு பார்க்காது. சீட்டுகளை வகுப்பில் படிக்கக் கூடாது. கையெழுத்து தெரியும்.


நொய்யல்கரை:

இந்த முறை நன்றாக இருக்கிறது டீச்சர். துண்டுச் சீட்டில் எல்லாரும் எழுத வேண்டும் என்பதை எழுத்துப்பூர்வமாகவே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போடலாம்.

பேருக்கு வருகிறேன். மில்ட்ரெட் டெய்லர் 1976இல் எழுதிய ஒரு நாவல் இருக்கிறது. 1933ஆம் வருஷத்து மிசிசிப்பி. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பாடப்புத்தகம் வருகிறது. முதல் நாள் பள்ளிக்கு வந்த ஆறு வயதுப் பையன் ஆசையாகப் புத்தகத்தைத் திறக்கிறான். அட்டையின் உள்பக்கம் ஒரு கட்டம் போட்ட பட்டியல்: எந்த வருஷம் கொடுத்தது, புத்தகம் என்ன நிலையில் இருக்கிறது, வாங்கிய பிள்ளை என்ன இனம். முதல் பதினொரு வரியும் வெள்ளைப் பிள்ளைகள். புதியதாக இருந்த புத்தகம் வருஷத்துக்கு வருஷம் கிழிந்து, 'மிக மோசம்' என்ற நிலைக்கு வந்த பிறகு, பன்னிரண்டாவது வரியில் இவன் இனம், அதுவும் வசவுச் சொல்லாக. பையன் புத்தகத்தைத் தரையில் போட்டு மிதிக்கிறான்.

அந்தக் காட்சியில் இனத்தின் பேரைச் சொல்வது யார்? எந்தக் கதாபாத்திரமும் சொல்லவில்லை. கல்வித் துறையின் காகிதம் சொல்கிறது. தறிச்சத்தம் டீச்சரின் பயத்துக்கு வழி இங்கே இருக்கிறது. வசவைப் பூபதி வாயில் வைக்க வேண்டாம். உதவித்தொகை விண்ணப்பத்தில் வையுங்கள். மாரி தன் கையால் 'அருந்ததியர்' என்று நிரப்பட்டும். சட்டத்தில் உள்ள பேர், அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொள்கிற பேர். முழுக்கதையிலும் ஒரே ஒரு முறை, அவன் கையெழுத்தில்.

இன்னொரு குறையும் அதோடு தீரும். இப்போது கதை முழுக்கப் பூபதியின் மனசுக்குள் நடக்கிறது. மாரி எதற்காக இருக்கிறான்? பூபதி நல்லவனாக மாறுவதற்காக. 1960இல் ஹார்ப்பர் லீ எழுதிய புகழ்பெற்ற அலபாமா நாவலிலும் இந்தக் குறையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிறுமி பார்க்கிறாள், அவள் அப்பா வாதாடுகிறார், கூண்டில் நிற்கிற கறுப்பின மனிதரின் வீட்டுக்குள் நாம் போவதே இல்லை. டெய்லர் கதையில் பார்க்கிறவளே கறுப்பினச் சிறுமி. அதனால் புத்தகத்தை மிதிக்கிற கோபம் நம்ம கோபம் ஆகிறது. மாரிக்கு ஏதாவது வேண்டியிருக்க வேண்டும். தண்ணீர் இல்லை, வேறு ஏதாவது. தாத்தாவை அவன் சிநேகிதன் 'தாத்தா' என்று கூப்பிட வேண்டும். இவ்வளவுதான் அவனுக்கு வேண்டும்.


கிளுவைவேலி:

இரண்டு நாள் எடுத்துக்கொண்டு நடுப்பகுதியை மாற்றியிருக்கிறேன். பார்வை மாரிக்கு வந்துவிட்டது. ஒரு பகுதி கீழே.

"விண்ணப்பத்தில் ஒன்பதாவது கட்டம். மாரி பேனா மூடியைக் கழற்றினான். அருந்ததியர் என்று எழுதக் கட்டம் போதவில்லை, கடைசி இரண்டு எழுத்தைச் சின்னதாக்கிக் கோட்டை ஒட்டி எழுதினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்லதுக்காகத்தான் திரும்பினான் என்று மாரிக்குத் தெரியும். அதற்குள் வாசலில் தாத்தாவின் குரல். வருமானச் சான்றை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். 'நானே போய் வாங்கிட்டு வர்றேன், நீ எழுது' என்று பூபதி ஓடினான். 'ராமா, இங்க குடு.' 'இந்தாங்க சின்னப் பண்ணாடி, கசக்கிராம வெச்சிருங்க.' பூபதி அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கசங்காமல் கொண்டுவந்து மாரி முன்னால் வைத்தான்."

குழாய் இதற்குப் பிறகுதான் வருகிறது. பூபதி ஐந்தாவதில் குனிந்து குடிக்கிறான். மாரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க தாத்தா பேரு தெரியுமா?" என்று கேட்கிறான். "ராமன்" என்கிறான் பூபதி. "ராமசாமி" என்கிறான் மாரி. அங்கே நிறுத்தியிருக்கிறேன்.


மஞ்சள்மண்டி:

ரெண்டு கையால புடிச்சுட்டு வந்தான்கறது நல்லா இருக்குங்க. அந்தப் பையன் எங்க ஊட்டுப் பையன் மாதிரியே இருக்கறான். சாதிப் பேர் கட்டத்துக்குள்ள இருக்கறதுனால எனக்கும் தடை இல்லை. யாரும் யாரையும் சொல்லலை.


தறிச்சத்தம்:

எனக்கு இன்னும் தடை இருக்கிறது. அருந்ததியர் என்ற சொல் மாரி கையெழுத்தில் வந்தாலும், வகுப்பில் ஆசிரியர் வாயில்தான் ஒலிக்கும். 31 தலை திரும்புவது காகிதத்தால் குறையாது. நான் வாசிக்கச் சொல்வதாக இருந்தால், "ஒன்பதாவது கட்டத்தை நிரப்பினான், கட்டம் போதவில்லை" என்று மட்டும் வைப்பேன். என்ன எழுதினான் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.


நொய்யல்கரை:

தெரிந்திருக்கும் என்கிறீர்களே டீச்சர், அதைத்தான் இத்தனை நாளாக எல்லாரும் செய்கிறோம். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்ல மாட்டோம். அஞ்சாவது குழாய் அப்படித்தான் அஞ்சாவது குழாய் ஆனது. கடைசி இரண்டு எழுத்தைச் சின்னதாக்கி எழுதுகிற அந்த இடம் போனால் பையனே போய்விடுவான்.


தறிச்சத்தம்:

அந்த இரண்டு எழுத்துக்காக நானும் தயங்குகிறேன் என்பது உண்மை. அப்படியென்றால் ஒரு ஏற்பாடு வேண்டும். அச்சில் சொல் இருக்கட்டும். வாசிப்பு நாளுக்கு ஒரு வாரம் முன்னால் கதை எல்லாப் பிள்ளைகள் கையிலும் வீட்டுக்குப் போகட்டும். வளவுப் பிள்ளைகள் அந்த வரியை முதலில் தனியாக, யார் முகத்தையும் பார்க்காமல் படித்திருக்க வேண்டும். வகுப்பில் அது அவர்கள் மேல் திடீரென்று விழக் கூடாது.


கிளுவைவேலி:

ஏற்றுக்கொள்கிறேன். கதையைத் தனித் தாளாக, இரண்டு பக்கம் அச்சில் வருகிற மாதிரி அடுக்கித் தருகிறேன். புத்தகம் கேட்டால் எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது, இரண்டு பக்கம் என்றால் நகல் எடுத்துவிடலாம். பின்பக்கத்தின் அடியில் துண்டுச் சீட்டுக்கான நாலு விரல் அகலம் வெற்றிடம் விட்டு, வெட்டுகிற கோடும் போட்டுவிடுகிறேன்.


கொறங்காடு:

வெட்டுகிற கோட்டுக்கு நேர் பின்னால், முன்பக்கத்தில் கதையின் வரி எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்க. சீட்டை வெட்டினால் முன்பக்கத்துக் கடைசி வரிகளும் சேர்ந்து போய்விடும்.